மாஸ்டர் பின்னில் ஒரு பொட்டு

1

போன வாரம் ஆயுத பூஜை. இங்கே கனடாவில் அன்று வேலை நாள். மகள் கவிதா ஆபீஸ் கிளம்பும் முன்பே எழுந்து அவள் காரைக் கழுவினேன். குளிர் ஆரம்பித்துவிட்டது. பைப்புத் தண்ணீரில் விரல் மரத்துப்போனது. சந்தனம் குழைத்து ஸ்டியரிங்கில் ஒன்று, சக்கரத்துக்கு ஒவ்வொன்று என்று வைத்தேன். முன் பம்பரில் காசு அளவில் நான்கு வட்டம் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி. நான்கிலும் கனமாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

கவிதா காரை எடுத்தாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. அதோடு கார் கத்த ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. எதிரில் சுவர் இருக்கிறது என்று நினைத்துக் கத்தியதாம். எதிரில் ரோடு காலியாகக் கிடந்தது.

"அம்மா, காருக்குக் கண்ணு தெரியல," என்றாள் கவிதா. இங்கே பிறந்தவள். அவள் தமிழ் அப்படித்தான். ஆனால் சொன்னது சரி. அந்த நான்கு வட்டமும்தான் காருக்குக் கண்ணாம். ஏதாவது பக்கத்தில் வந்தால் அதற்குத் தெரிந்துவிடும்.

காகிதத்தால் துடைத்தாள். மேலே இருந்தது போனது. இடுக்கில் இருந்தது போகவில்லை. கத்திக்கொண்டே ஆபீசுக்குப் போனாள்.

என் வீட்டுக்காரர் ஆறுமுகம் சன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். காபியைக் கீழே வைத்தார்.

"மறுபடியுமா?" என்றார்.

முதல் தடவை நடந்தது பாலக்காட்டுக்குப் பக்கத்தில், கஞ்சிக்கோட்டில். எழுபதுகளின் நடுவில். அது இங்கே யாருக்கும் தெரியாது. கவிதாவுக்கும் பாதிதான் தெரியும். ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது.

2

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வீடு வேலந்தாவளம் ரோட்டில். அப்பாவுக்குக் கொஞ்சம் பூமி. நிலக்கடலை போடுவோம். எங்கள் பேச்சில் கல்லக்கா. எங்களுக்குத் தூரத்து உறவில் கந்தசாமி என்று ஒருவர். அவரும் விவசாயிதான். அவருக்குத் திடீரென்று இரும்பின் மேல் ஆசை வந்துவிட்டது. கஞ்சிக்கோட்டில் ஒரு ஷெட் போட்டார். இரண்டு லேத்து, ஒரு கிரைண்டிங் மெஷின். ஆட்கள் ஆறு பேர். ஏழாவது ஆள் நான். பெண் என்று பார்த்தால் நான் ஒருத்திதான்.

அந்த ஷெட்டில் கிங் பின் செய்தோம். லாரியின் முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புகிறதல்லவா, அது ஒரு இரும்பு முளையைப் பிடித்துக்கொண்டுதான் திரும்புகிறது. அந்த முளைதான் கிங் பின். அரை முழ நீளம். அது சரியில்லை என்றால் ஸ்டியரிங் ஆடும்.

லாரி நம் நாட்டிலேயே செய்கிறோம் என்று பேர். உள்ளே பல சாமான் கப்பலில் வந்துகொண்டிருந்தது. இன்ன சாமானை இனி வெளியே வாங்கக் கூடாது, இங்கேயே செய்ய வேண்டும் என்று டெல்லியிலிருந்து பட்டியல் வரும். பட்டியலில் ஒரு பெயர் ஏறினால், லாரி கம்பெனி அதைச் செய்யச் சின்னச் சின்ன ஷெட்டாகத் தேடும். அப்படித்தான் மெட்ராஸ் கம்பெனி ஒன்று கந்தசாமி முதலாளியிடம் வந்தது.

முதலில் ஐந்நூறு பின் செய்து காட்ட வேண்டும். தேறினால் மாதா மாதம் ஆர்டர். தேறாவிட்டால் கம்பெனி கப்பல் சாமானுக்கே மறுபடி அனுமதி வாங்கிக்கொள்ளும். எங்கள் ஷெட்டுக்குப் பூட்டு. முதலாளி இதை யாரிடமும் ஒளிக்கவில்லை.

"இது தேறுனா நாம லாரி செய்யற ஆளுக. தேறலீனா மறுபடி கல்லக்கா புடுங்கற ஆளுக," என்றார்.

நான் இரண்டும் செய்தவள். லாரி நல்லது. உட்கார்ந்து செய்யும் வேலை.

பின்னுக்கு வேண்டிய இரும்பு கடையில் கிடைக்காது. பெர்மிட் வேண்டும். பாலக்காட்டில் ஆபீஸ் வாசல் பலகையில் 'வியவசாயம்' என்று எழுதியிருக்கும். மலையாளத்தில் அதற்குத் தொழில் என்று அர்த்தம். துணைக்குப் போன என் அப்பா, வந்ததுதான் வந்தோம், உரத்துக்கும் ஒரு மனு கொடுத்துவிடலாமா என்று கேட்டார். பெர்மிட் நான்கு மாதம் கழித்து வந்தது. இரும்பு ஏற்றிய லாரி வாளையார் செக்போஸ்ட்டில் இரண்டு நாள் நின்றது. காகிதத்தில் ஒரு ஒப்பு குறைவாம். முதலாளி பாலக்காடு போய்க் கையெழுத்து வாங்கி வந்து லாரியை விடுவித்தார். எங்கள் ஷெட்டுக்கும் செக்போஸ்ட்டுக்கும் நடுவில் எட்டிப் பிடிக்கிற தூரம். இரும்பைத் தோளில் சுமந்தே கொண்டுவந்திருக்கலாம் என்று ஆறுமுகம் சொன்னார்.

ஆறுமுகம்தான் கிரைண்டிங் ஆபரேட்டர். அப்போது அவரை 'ஆறுமுகண்ணா' என்று கூப்பிட்டேன். அதைச் சொல்லி இன்றைக்கும் கேலி செய்கிறார்.

3

என் வேலை செக்கிங். ஒரு ஸ்டாண்டில் கடிகாரம் மாதிரி ஒரு டயல் இருக்கும். அதன் அடியில் பின்னை வைத்தால் முள் ஆடும். முள் பூஜ்யத்தில் நின்றால் அளவு சரி. ஒரு கோடு கூடக் குறைய இருக்கலாம். அதற்கு மேல் கூடாது. ஒரு கோடு என்பது தலைமுடியை ஏழாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது. டயலுக்குத் தெரியும்.

பூஜ்யம் எது என்று டயலுக்கு யார் சொல்வது? அதற்குத்தான் மாஸ்டர் பின். மெட்ராஸ் கம்பெனி கொடுத்தது. மிகச் சரியான அளவில் செய்தது. மரப்பெட்டிக்குள் பச்சைத் துணியில் படுத்திருக்கும். தினமும் காலையில் அதை எடுத்து டயலுக்கு அடியில் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, மறுபடி பெட்டியில் வைத்துவிடுவேன். என்னைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது.

ஆறுமுகம் அரைத்துக் கொடுக்கும் பின்னை நான் வைத்துப் பார்ப்பேன். "சரி" என்றால் ஒரு குவியல். "இல்லை" என்றால் இன்னொரு குவியல். நாள் முழுவதும் இந்த இரண்டு வார்த்தைதான். எனக்கு அது போதும்.

கனடா வந்த புதிதில் வேலை ஆபீசில் நிரப்பித் தரச் சொல்லி ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். படிப்புக்கு ஒரு பக்கம். சான்றிதழ்களுக்கு ஒரு பக்கம். தெரிந்த பாஷைகளுக்கு அரைப் பக்கம். நான் தமிழ், மலையாளம் என்று எழுதச் சொல்லிவிட்டு மற்றதைக் காலியாக விட்டேன். ஃபாரத்தை வாங்கிய அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார். கடைசியில் ஒரு கார் சாமான் தொழிற்சாலையில் செக்கிங் வேலைக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார். அங்கே இங்கிலீஷில் இரண்டு வார்த்தை போதும் என்று போனதும் தெரிந்துகொண்டேன். 'குட்'. 'நோ குட்'. அங்கே இருபத்திரண்டு வருடம் இருந்தேன். எப்படி எடுத்தார்கள் என்று கடைசியில் சொல்கிறேன்.

4

ஐந்நூறு பின்னும் லேத்தில் முடிந்து, சூடு ஏற்றிக் கெட்டிப்படுத்த கோயமுத்தூர் போய் வந்தன. இனிக் கிரைண்டிங்தான் பாக்கி. அந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது.

மெஷினை எல்லாம் கழுவித் துடைத்தோம். லேத்துக்கு மாலை போட்டோம். பொரி, கடலை, வாழைப்பழம். சந்தனம் வைக்கும் வேலை எனக்கு. ஸ்பேனர், சுத்தியல், ஆக்சா பிளேடு வரைக்கும் வைத்தேன். பிறகு மரப்பெட்டியைத் திறந்தேன். மாஸ்டர் பின்னை எடுத்து, டயல் தொடும் இடம் எதுவோ, சரியாக அந்த இடத்தில் சந்தனம் வைத்தேன். வேறு இடத்தில் வைக்க மனம் வரவில்லை. தொடும் இடத்துக்குத்தானே மரியாதை.

எங்கள் பக்கம் பூஜைப் பொட்டைத் துடைக்க மாட்டோம். அதுவாக உதிர வேண்டும்.

மறுநாள் வேலை ஆரம்பித்தது. மாஸ்டரை வைத்து முள்ளைத் திருப்பினேன். ஆறுமுகம் அரைத்தார். ஆறு நாள். இரண்டாம் நாள் அவர் தன் மைக்ரோமீட்டரை எடுத்து ஒரு பின்னை அளந்தார். முகம் மாறியது.

"அம்மிணி, இது பெருசாக் காட்டுது."

"உங்க மைக்ரோமீட்டர் கோயமுத்தூர்ல யாரோ வித்துட்டுப் போன பழசுங்கண்ணா. மாஸ்டர் பொய் சொல்லுமா?"

"அதுவும் சரிதான்," என்று உள்ளே வைத்துவிட்டார்.

ஐந்நூறும் முடிந்தது. எண்ணெய் தடவி, அன்றன்றைக்கு அரைத்ததை அன்றன்றைக்கான பெட்டியில் அடுக்கி, நாள் எண் போட்டேன். அடுத்த வாரம் மெட்ராசிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். வரதன் என்று பெயர். மெலிந்த ஆள். சட்டைப் பையில் மூன்று பேனா. கையில் ஒரு தோல் பெட்டி. அதற்குள் அவருடைய மைக்ரோமீட்டரும் ஒரு புஷ்ஷும். புஷ் என்றால் வளையம். பின் அதற்குள் வழுக்கி இறங்க வேண்டும். லாரியிலும் அப்படித்தான் இறங்கும்.

முதலாளி இளநீர் வெட்டி வைத்தார். வரதன் முதல் பின்னை எடுத்தார். புஷ்ஷுக்குள் விட்டார். இறங்கவில்லை. துடைத்து விட்டார். இறங்கவில்லை. வேறு பின். அதுவும் இல்லை. பத்துப் பின் பார்த்தார். இளநீரைத் தொடவே இல்லை.

"எல்லாம் பெரிசா இருக்குங்க," என்றார் முதலாளியிடம்.

பிறகு ஆறு பெட்டியிலும் எடுத்து எடுத்து அளந்து ஒரு தாளில் எழுதினார். எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முதல் நாள் பெட்டி நாலு கோடு பெரிசு. கடைசி நாள் பெட்டி ரெண்டரைக் கோடு. நாளுக்கு நாள் குறையுது. எனக்குப் புரியல. மெஷின் நிலையா நிக்க மாட்டேங்குதுன்னுதான் சொல்ல முடியும். இந்த மெஷினை வச்சு இந்த வேலை செய்ய முடியாதுங்க."

ஆறுமுகம் தலையைக் குனிந்துகொண்டார். மெஷின் மேல் பழி என்றால் அவர் மேல் பழி. வேறு மெஷின் வாங்க வழி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். வரதன் பேனாவைத் திறந்தார்.

நான் என் மேசையில் உட்கார்ந்திருந்தேன். டயலின் முனையைப் பார்த்தேன். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன உருண்டை. அதில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

புரிந்துவிட்டது. நான் சந்தனத்தின் மேல் பூஜ்யம் வைத்திருக்கிறேன். சந்தனத்தின் கனம் அத்தனையும் பின்னில் ஏறிவிட்டது. தினமும் முனை பட்டுப் பட்டுப் பொட்டு தேய்ந்தது. பின்னும் நாளுக்கு நாள் சிறுத்தது.

துணி என் கையில்தான் இருந்தது. ஒரு தடவை துடைத்தால் போதும். யாருக்கும் தெரியாது. மெஷின் கெட்டது என்று எழுதிவிட்டு அவர் ரயில் ஏறிவிடுவார்.

எழுந்தேன்.

"எழுதாதீங்க சார். மெஷின் இல்லீங்க. நானுங்க."

5

மாஸ்டரை எடுத்துக் கொடுத்தேன். வரதன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார்.

"சந்தனமா?"

"ஆமாங்க."

"இதுக்குப் போய் ஏம்மா வச்சே?"

"அதுதானுங்களே இங்க பெரிய ஆயுதம்."

"அடுத்த நாளாவது துடைச்சிருக்கலாமே?"

"பூசைப் பொட்டைத் தொடைக்கறதில்லீங்க. அதுவா உதிரோணும்."

ஆறுமுகம் தலையை நிமிர்த்தினார். "உதிர்ந்துட்டுத்தான் சார் இருந்துருக்குது. இன்னும் பத்து நாள் உட்டிருந்தா அதுவே சரியாயிருக்கும்."

முதலாளி அவரை முறைத்தார். வரதன் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். தாளை மறுபடி பார்த்தார்.

"பெரிசாத்தானே போயிருக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "சின்னதாப் போயிருந்தா ஐந்நூறும் காயலான் கடைக்கு. பெரிசைக் குறைக்கலாம்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒலவக்கோட்டுல எனக்குச் சாயந்தரம் ரயில். அதுக்குள்ள என் கண் முன்னால நாப்பது பின் அரைச்சுக் காட்டுங்க. மெஷின் நிலையா நின்னா ஒத்துக்கறேன். நிக்கலேன்னா இந்தத் தாளை அப்படியே கொடுத்துடுவேன்."

"அம்மிணி, நீ வெச்சது. நீயே தொடை," என்றார் முதலாளி.

மாஸ்டரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மண்ணெண்ணெய் தொட்டு மூன்று தடவை துடைத்தேன். டயல் முனையையும் துடைத்தேன். முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.

ஆறுமுகம் மெஷினைப் போட்டார். நான் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. ஒரு பின். சரி. இரண்டாவது. சரி. நான் சரி என்றதும் வரதன் வாங்கி புஷ்ஷில் விடுவார். தானாக இறங்கியது. பதினோராவது பின்னில் கரண்ட் போனது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டும் ஷெட் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. முதலாளி வெளியே போய் கரண்ட் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். அரை மணி கழித்துக் கரண்ட் வந்தது.

இருபத்தாறாவது பின்னுக்கு நான் "இல்லை" என்றேன்.

வரதன் வாங்கி புஷ்ஷில் விட்டார். இறங்கியது. "இறங்குதேம்மா. சரின்னே வச்சுக்கலாம்."

"முள்ளு ஒன்றரைக் கோட்டுல நிக்குதுங்க. இல்லைன்னா இல்லைங்க."

ஆறுமுகத்துக்குக் கோபம். "சாரே சரிங்கறாரு, உனக்கென்ன?" என்று முணுமுணுத்தார். வரதன் தன் மைக்ரோமீட்டரில் அளந்தார். ஒன்றரைக் கோடு. என்னை ஒரு தடவை பார்த்தார். பின்னை 'இல்லை' குவியலில் அவரே வைத்தார். அதற்குப் பிறகு நான் சரி என்றதை அவர் அளக்கவில்லை. சும்மா அடுக்கினார். இளநீரையும் குடித்தார்.

நாற்பது முடிந்தது. முப்பத்தொன்பது சரி.

6

வரதன் ரிப்போர்ட் எழுதினார். கோளாறு, காரணம், செய்த மாற்றம் என்று மூன்று கட்டம். நடுக் கட்டத்தில் பேனா நின்றது.

"காரணம் தூசின்னு போட்டுடறேன். யாருக்கும் சங்கடம் இல்லை," என்று எழுதினார்.

"தூசி இல்லீங்க சார். சந்தனம்."

"மெட்ராஸ்ல சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டுங்க. தூசின்னு போட்டா இந்த ஷெட்டைக் கூட்டறதே இல்லைன்னு நெனைப்பாங்க. நான் தெனம் ரெண்டு தடவை கூட்டறனுங்க."

அவர் அப்போதுதான் சிரித்தார். நன்றாகச் சிரித்தார். தூசி என்பதை அடித்துவிட்டுச் சந்தனம் என்று எழுதினார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வாளையாரிலிருந்து வந்த சிமெண்ட் லாரியை நிறுத்தி ஏற்றிவிட்டோம். பழைய லாரி. வளைவில் திரும்பும்போது கிறீச்சென்றது. "அதுல கெடக்கறது கப்பல் பின்னுங்க சார்," என்று ஆறுமுகம் பின்னால் கத்தினார்.

மீதிப் பின் எல்லாவற்றையும் அரைத்து அனுப்பினோம். ஆர்டர் வந்தது. கூடவே ஒரு தாளும் வந்தது. மாஸ்டர் பின்னைத் துடைத்த பிறகே பூஜ்யம் வைக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. எல்லா ஷெட்டுக்கும் போயிருக்கிறது. ஓசூர், கோயமுத்தூர், எங்கெங்கோ. அந்தத் தாளில் இன்னும் நிறைய விதி இருந்தது. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் என்னை மாதிரி ஒருத்தர் எங்கோ ஒரு ஷெட்டில் நின்றிருப்பார் என்று தோன்றியது. நாடு லாரி செய்யப் பழகியது இப்படித்தான் என்று நினைக்கிறேன். டெல்லியில் பட்டியல் போட்டார்கள். தப்பை நாங்கள் செய்தோம். அதைத் திருத்தியதும் நாங்கள்தான்.

அடுத்த வருடம் பூஜைக்கு அந்த இருபத்தாறாவது பின்னை வைத்தோம். மாஸ்டருக்குப் பதில் அதற்குச் சந்தனம். அது இப்போது கனடாவில் என் சமையலறையில் இருக்கிறது. ஏர்போர்ட்டில் ஒரு அதிகாரி அதைக் கையில் எடுத்து, இது என்ன என்று கேட்டார். கிங் பின் என்றோம். எதற்கு என்றார். இஞ்சி தட்ட என்றார் ஆறுமுகம். அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். இப்போது இஞ்சிதான் தட்டுகிறேன்.

இங்கே தொழிற்சாலையில் வேலை கேட்டுப் போனபோது, போர்மேன் ஒரு டயலையும் மாஸ்டரையும் பத்துப் பின்னையும் வைத்து, கெட்டது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். சைகையில்தான். நான் பின்னைத் தொடவில்லை. முதலில் துணியைத் தேடி எடுத்து மாஸ்டரைத் துடைத்தேன். போர்மேன் போதும் என்று கையைக் காட்டினார். பத்துப் பின்னையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நாளைக்கு வா என்றார்.

இனி போன வாரத்துக் கதைக்கு வருகிறேன். சாயந்தரம் கவிதா காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்து வந்தாள். கத்தல் நின்றிருந்தது. கையில் ஒரு தாள்.

"பைசா வாங்கலம்மா. பிரஷ் போட்டு க்ளீன் பண்ணிக் கொடுத்துட்டாங்க."

"என்ன எழுதியிருக்காங்க?"

"கோளாறு, சென்சார் வேலை செய்யல. காரணம், அழுக்கு."

ஆறுமுகம் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும்.

"அழுக்கு இல்லை," என்றேன். "நான் காலைலதான் அந்தக் காரைக் கழுவுனேன்."

"அம்மா, இந்தத் தாளை யாருமே படிக்க மாட்டாங்க."

"நீ படிச்சியல்ல?"

கவிதா அப்பாவைப் பார்த்தாள். "உங்கம்மாகிட்ட மெட்ராஸ் இன்ஸ்பெக்டரே தோத்துட்டுத்தான் ரயிலேறுனாரு," என்றார் அவர். "பேனாவ எடு கண்ணு."

எடுத்தாள். அழுக்கு என்ற வார்த்தையை அடித்தாள். மேலே சந்தனம் என்று தமிழில் எழுதினாள். எழுத்துகள் ஒன்றுக்கொன்று எட்டி நின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுவது மாதிரி இருந்தது. என்னிடம் நீட்டினாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

சரி.